கடன்காரி

தலை விழுந்த மறுநாளும்
பெர்மாண்ட்சியில் துணி நனைந்தது.
சனவரிக் கடைசி. தொட்டியில் உறைந்த ஏட்டை
அடிகட்டையால் உடைத்துக்கொண்டே
டாமரிஸ் ஹக்கின் கேட்டாள்:
அப்போ என் பாக்கியை யார் தருவது?

போருக்கு முந்தைய ஏழு வருஷம்.
படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, கழுத்துச் சரிகை,
எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆற்றைத் தாண்டி
அரண்மனைக்குப் போயின.
கணக்குத்தான் வெளுக்கவே இல்லை.
முப்பத்தெட்டு பவுண்டு, நான்கு ஷில்லிங்.

மார்ச்சில் சட்டம் வந்தது.
அரச பதவி தேவையற்றது, பெருஞ்சுமை, ஆபத்து
என்று ஒருவன் சந்தை முனையில் வாசித்தான்.
மீன்காரிகள் விலை கூவுவதை நிறுத்தவில்லை.
சுமை என்ற இடத்தில் மட்டும்
டாமரிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

முத்திரையை மாற்றினார்கள்.
அரசன் உட்கார்ந்திருந்த இடத்தில்
ஒரு கூடம், அதில் எறும்பு எறும்பாய் மனிதர்கள்,
சுற்றிலும்: விடுதலையின் முதல் ஆண்டு.

முதல் ஆண்டில் மூன்று மனு.
இரண்டாம் ஆண்டில், செருப்புத் தேய, ஐந்து.
மூன்றாவதில் ஒபதாயா ஃபெர்ன்ஸ்பி என்ற எழுத்தன்
தலையைத் தூக்காமல் சொன்னான்:
காசு கப்பற்படைக்குப் போய்விட்டது,
பொருளாக எடுத்துக்கொள்.

ஒரு ரொட்டிக்காரன் மூக்கில்லாத பளிங்குத் தலையைக்
குழந்தை மாதிரி இடுப்பில் ஏந்திப் போனான்.
டாமரிஸுக்கு ஒரு கட்டில் விதானம்.
சிவப்பு வெல்வெட், தங்க இழை, குஞ்சம் பதினாறு.
மதிப்பு நாற்பது பவுண்டு. ஆகவே
மீதி முப்பத்தாறு ஷில்லிங்கை
அவள் குடியரசுக்குக் கட்ட வேண்டும்.

கடன் கொடுத்தவளும் கடன்பட்டவளும்
தமிழில் ஒரே சொல்.
அவளுக்கு அது தெரியாது.
பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திட்டாள்.

விதானத்தை விட அவள் கூரை தாழ்வு.
ஓர் இரவு பாதியை மட்டும் உத்தரத்தில் கட்டி
அடியில் படுத்துப் பார்த்தாள்.
தான் தேய்த்துத் தேய்த்துப் போக்கிய கறைகளை
இத்தனை நாளும் மேலிருந்து பார்த்தது
இதுதானா?
புழுக்கம். கழற்றிவிட்டாள்.

பிறகு சிப்பாய்கள் வந்து கூடத்தைப் பூட்டினார்கள்.
எறும்புகள் வீட்டுக்குப் போயின.
காப்பாளர் என்று ஒருவர் வந்தார்,
அவருக்கே கிரீடம் நீட்டினார்கள், வேண்டாம் என்றார்,
அந்தச் செய்தியும் படகுத்துறை வழியாகத்தான் வந்தது,
சவுக்காரத்துக்கு வரி அப்படியே என்ற செய்தியோடு.

இறை என்றால் எங்கள் மொழியில்
கடவுள், அரசன், வரி.
ஒன்று வானத்தில், ஒன்று மண்ணுக்குள்,
மூன்றாவது அவள் உள்ளங்கையில்
நுரைத்துக்கொண்டிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்தாள்.
ஒன்பது உள்பாவாடை, இரண்டு குழந்தைத் தொப்பி.
படகோட்டி பெரெக்ரினின் மனைவி
முழங்கால் வரை அரசனாக நடந்தாள்.
குஞ்சங்கள் நாய்க்கும் குதிரைக்கும் போயின.
வெட்ட வெட்ட முப்பத்தாறும் அடைந்தது;
ரசீதை மாவுப் பானையில் வைத்தாள்.

அறுபதாம் வருஷம், மே முடிந்து
மணிகள் ஓய்ந்த வாரத்தில்
பட்டியலோடு ஒருவன் வந்து நின்றான்.
அதே ஃபெர்ன்ஸ்பி. கோட்டு மட்டும் புதிது.
விதானம் ஒன்று, சிவப்பு. அரசர் சொத்து. எடு.

திங்கட்கிழமை வாருங்கள் என்றாள்,
கொடியில் காயும், எண்ணிக்கொள்ளலாம்.
மற்ற நாளில் என்றால்
பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

அவன் சிரிக்கவில்லை.
ரசீதை நீட்டினாள். வாசித்தான்.
இது செல்லாது. இப்படி ஓர் அரசு இருந்ததே இல்லை.
தகப்பன் இறந்த நாள் முதல் மகனே அரசர்;
இது அவருடைய பன்னிரண்டாம் ஆண்டு.

டாமரிஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.
வெடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.
பதினொன்றுக்கு ஒரு விரல் போதவில்லை.
சரி ஐயா, இருந்ததே இல்லை.
அப்போ அந்த வருஷத்துச் சவுக்கார வரி?

அவன் பட்டியலில் ஏதோ எழுதினான்.
என்ன எழுதினான் என்று அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
தொட்டியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.